பயிற்சி ஆட்டமும் பத்து ரூபாய்ப் பந்தயமும்

இல்லறத்தார் விலக்க வேண்டிய ஏழு விசனங்களுள் சூதினை முதலில் வைத்து ஓதினர் நம் முன்னோர். சூது, ஊன், கள், பரத்தமை, வேட்டை, களவு, பிறன்மனை நயத்தல் என்னும் வரிசையைச் சிறுவயதில் மனப்பாடமாக ஒப்பித்த நாம், இவற்றுள் சூது நம் வீட்டுக்குள் வரக்கூடியது என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஊனும் கள்ளும் நம் அடுக்களைக்கு அயலானவை. வேட்டையோ நம் குலத்தார் கனவிலும் கருதாதது. சூதாடும் களமும் ஊருக்குப் புறத்தே, நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. ஆகவே நாம் அஞ்சாதிருந்தோம்.

இன்று அக்களம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களில் நிலத்தை உழுது வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் தனியறையில் தங்கிப் பணி செய்கின்றனர். இரவு உணவுக்குப்பின் துணையாக இருப்பது அக்கைப்பேசி ஒன்றே. அதில் ரம்மி, போக்கர் முதலிய சீட்டாட்டங்கள் முதலில் காசின்றியே வழங்கப்படுகின்றன. “இது பயிற்சி ஆட்டம், இழப்பதற்கு ஒன்றும் இல்லை” என்பதே அவற்றின் அழைப்பு. சில வாரங்கள் கழிந்தபின், “பத்து ரூபாய் வைத்து ஆடிப் பார்த்தால் என்ன?” என்னும் எண்ணம் எழுகின்றது.

காசில்லாப் பயிற்சியிலிருந்து சிறுதொகைப் பந்தயத்திற்குச் செல்லும் அந்த ஒரே ஓர் அடியைப் பற்றியே இப்பாடத்தில் ஆராய்வோம். பெருந்தொகை வைத்து ஆடுதல் தீது என்பதை எவரும் ஒப்புவர். அதற்குப் பாடம் வேண்டுவதில்லை. “காசின்றி ஆடினால் குற்றமா? பத்து ரூபாயில் என்ன கெட்டுவிடும்?” என்று இளைஞர் கேட்கும்போது நாம் விடையின்றி நிற்கலாகாது. அவ்விடை நம் ஆகமங்களிலேயே உள்ளது.

ஆட்டத்தின் இயல்பு

ஒன்றை விலக்குவதற்கு முன் அதன் இயல்பை அறிதல் முறை. போக்கர் என்பது 52 சீட்டுகளைக் கொண்டு ஆடப்படுவது. இன்று பெருவழக்கில் உள்ள வகையில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். நடுவில் ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறந்து வைக்கப்படும். தன் இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்துச் சிறந்த ஐந்து சீட்டுத் தொகுதியை அமைப்பவர் வெல்வார். ஒவ்வொரு படியிலும் பந்தயம் கூட்டலாம். அல்லது சீட்டைக் கீழே போட்டு விலகலாம். மற்ற எல்லாரும் விலகிவிட்டால் எஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலே நடுவிலுள்ள தொகையை எடுத்துக்கொள்வார்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். சதுரங்கத்தில் பந்தயம் இல்லாமலே ஆட்டம் முழுமையானது. காரம் பலகையும் பல்லாங்குழியும் அத்தகையனவே. ரம்மியைக்கூடப் பந்தயமின்றி வீட்டார் கூடிப் பொழுதுபோக்காக ஆடலாம். போக்கரிலோ பந்தயத்தை நீக்கிவிட்டால் ஆட்டமே இல்லை. சீட்டு இங்கே கருவி மட்டுமே. எவ்வளவு வைப்பது, எப்போது கூட்டுவது, எப்போது விலகுவது என்பவையே ஆட்டம். ஆதலின் காசில்லாப் போக்கர் என்பது பந்தயம் கட்டும் பழக்கத்தைக் கற்பிக்கும் பள்ளியே அன்றி வேறன்று. அங்கே தரப்படும் போலிச் சில்லுகள் காசின் நிழல். நிழலைப் பிடிக்கப் பழகிய கை உருவத்தைப் பிடிக்க விரும்புதல் இயற்கை.

பயிற்சியைப் பற்றி ஆகமம் கூறுவது

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வினை ஊற்றினை விளக்கும் உமாசுவாமி ஆசாரியர், உயிரைச் சார்ந்த ஊற்றுக்குரிய நிலைகளை 108 என வகுக்கின்றார். அக்கணக்கு வருமாறு: சமரம்பம், சமாரம்பம், ஆரம்பம் என மூன்று, மனம், மொழி, மெய் என மூன்று, தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என மூன்று, வெகுளி, செருக்கு, மாயை, உலோபம் என நான்கு. மூன்றை மூன்றால் பெருக்க ஒன்பது. மீண்டும் மூன்றால் பெருக்க இருபத்தேழு. நான்கால் பெருக்க 108. நாம் உருட்டும் செபமாலையின் 108 மணிகளுக்கு இதனையும் ஒரு காரணமாகப் பெரியோர் கூறுவர்.

இவற்றுள் முதல் மூன்றினை இங்கு ஊன்றி நோக்கவேண்டும். சமரம்பம் என்பது ஒரு செயலைச் செய்யத் துணியும் மன முயற்சி. ஆரம்பம் என்பது அச்செயலைத் தொடங்குதல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது சமாரம்பம். சர்வார்த்தசித்தி உரையில் பூஜ்யபாத சுவாமிகள் இதற்குப் பொருள் கூறும்போது, செயலுக்குரிய கருவிகளைப் பழகிக்கொள்ளுதல் என்னும் கருத்துப்பட உரைக்கின்றார். பழகுதல் என்பதே பயிற்சி. ஆகவே பயிற்சி ஆட்டம் என்பது வினைக்குப் புறம்பான வெற்றிடம் அன்று. ஊற்றின் நடுப்படி அது. “இன்னும் நான் தொடங்கவில்லை, பழகித்தான் பார்க்கின்றேன்” என்று இளைஞன் சொல்லும்போதே, அவன் நிற்கும் படிக்கு ஆசாரியர் பெயரிட்டு வைத்துள்ளார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பண்டித ஆசாதரர் இன்னும் தெளிவாகப் பேசுகின்றார். இல்லறத்தார் ஒழுக்கத்தை விளக்கும் சாகார தர்மாமிர்தத்தில் ஒவ்வொரு விசனத்தையும் துறந்தவனுக்கு நேரக்கூடிய குறைகளை அவர் எடுத்துரைக்கின்றார். சூதைத் துறந்தவன் மனமகிழ்ச்சிக்காகப் பந்தயம் கட்டுதல் முதலியவற்றில் ஈடுபட்டாலும் அது அவனுக்குக் குற்றமே என்பது அவர் முடிவு. அதற்கு அவர் காட்டும் காரணம் பொருள் இழப்பு அன்று. பந்தயம் மகிழ்ச்சியையும் சினத்தையும் மாறி மாறி எழுப்புகின்றது, அவ்வெழுச்சி கஷாயம், கஷாயமே தீவினைக்கு நேர்வழி என்பதே அவர் கூறும் காரணம்.

இக்காரணத்தை இன்றைய ஆட்டத்தோடு பொருத்திப் பார்ப்போம். கைப்பேசிப் போக்கரில் ஒரு பலகையில் மணிக்கு ஏறத்தாழ 60 ஆட்டங்கள் நிகழும், நிமிடத்திற்கு ஒன்று. ஒரு சாமாயிகத்தின் காலம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். அந்த நேரத்தில் சாமாயிகத்தில் அமர்ந்தவன் விருப்பு வெறுப்பு இரண்டையும் சமப்படுத்தப் பழகுகின்றான். அதே 48 நிமிடத்தில் ஆட்டத்தில் அமர்ந்தவன் 48 முறை விருப்பையும் வெறுப்பையும் தூண்டிப் பழகுகின்றான். காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்பழக்கம் மனத்தில் பதிகின்றது. இருவரும் பயிற்சியே செய்கின்றனர், எதிரெதிரான பயிற்சி.

பயிற்சி ஏன் ஏமாற்றுகின்றது?

காசில்லா ஆட்டத்தில் வென்றவன் தனக்குத் திறமை வந்துவிட்டது என்று நம்புகின்றான். அந்நம்பிக்கையே அவனைச் சிறுதொகை ஆட்டத்திற்கு அழைத்துச் செல்கின்றது. ஆனால் அந்த வெற்றிக்குக் காரணம் வேறு.

போலிச் சில்லுகள் தீர்ந்தால் மறுபடியும் இலவசமாகக் கிடைக்கும். எனவே எவரும் சீட்டைக் கீழே போட்டு விலகுவதில்லை. கையில் ஒன்றுமில்லாதவரும் இறுதிவரை வருவர். அவர்களிடையே நல்ல சீட்டுக்காகச் சற்றே காத்திருப்பவன் எளிதாக வெல்வான். காசு வைத்த பலகையிலோ எதிரே இருப்பவர் விலகத் தெரிந்தவர். பலர் அதனையே தொழிலாகக் கொண்டு நாள் முழுதும் ஆடுபவர். ஒன்றில் பெற்ற தேர்ச்சி மற்றொன்றில் உதவாது. ஏரிக்கரையில் மணலில் நீந்திப் பழகியவன் வெள்ளத்தில் இறங்குவது போன்றது இது.

இன்னொன்று, வாய்ப்பின் ஆட்சி. இரண்டு சீட்டுகளாகக் கிடைக்கும் இணைகள் மொத்தம் 1326. அவற்றுள் மிக உயர்ந்ததாகிய இரட்டை ஆஸ் ஆறு வகையில் மட்டுமே வரும். அதாவது 221 முறைக்கு ஒருமுறை. அத்தகைய உயர்ந்த இணையும், எதிரியின் இரட்டை ராஜாவோடு இறுதிவரை மோதும்போது நூற்றுக்குப் பதினெட்டு முறையளவு தோற்கும். சரியாக ஆடியவன் தோற்பதும் தவறாக ஆடியவன் வெல்வதும் ஒவ்வோர் இரவும் நிகழும். ஆகவே ஒரு மாத வெற்றி திறமைக்குச் சான்று ஆகாது. பல்லாயிரம் ஆட்டங்கள் கழிந்தபின்னரே திறமை எது, வாய்ப்பு எது என்பது பிரிந்து தெரியும். அதற்குள் இளைஞனின் சேமிப்பும் உறக்கமும் போய்விடுகின்றன.

சிறுதொகையின் கணக்கு

“சிறுதொகைதானே” என்னும் சொல்லையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பலகையை நடத்துவோர் ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவிலுள்ள தொகையில் ஒரு பங்கைத் தமக்கென எடுத்துக்கொள்வர். இது வெற்றி தோல்வியைச் சாராதது.

எடுத்துக்காட்டாக, ஆறு பேர் தலைக்கு 200 ரூபாயுடன் அமர்கின்றனர் எனக் கொள்வோம். பலகையில் உள்ள மொத்தம் 1200 ரூபாய். ஓர் ஆட்டத்தில் நடுவில் சேரும் தொகை சராசரி 30 ரூபாய்; நடத்துவோர் பங்கு 5 விழுக்காடு என்றால் ரூபாய் ஒன்றரை. மணிக்கு 60 ஆட்டங்களுக்கு 90 ரூபாய். அவ்வாறாயின் பதின்மூன்று மணி நேரம் கடந்ததும் பலகையில் இருந்த 1200 ரூபாயில் ஏறத்தாழ முழுமையும் நடத்துவோரிடம் சென்று சேரும். ஆறு பேரும் சம திறமையுடையோராயின் ஆறு பேரும் வெறுங்கையுடன் எழுவர். அவர்களுள் ஒருவன் வென்றான் எனின், மற்ற ஐவரும் தம் பணத்தை மீண்டும் மீண்டும் கொண்டுவந்து வைத்திருத்தல் வேண்டும்.

பெருந்தொகை ஆட்டங்களில் நடத்துவோரின் பங்குக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது வழக்கம். சிறுதொகை ஆட்டங்களில் நடுத்தொகை அவ்வரம்பை எட்டுவதே அரிது. ஆகையால் விழுக்காட்டுக் கணக்கில் ஏழை ஆட்டக்காரனே மிகுதியாக இழக்கின்றான். போதாக்குறைக்கு, 1-10-2023 முதல் இவ்வாட்டங்களுக்குச் செலுத்தும் தொகையின் முழு மதிப்பின் மீதும் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. வென்றவனின் நிகர வெற்றித் தொகைக்கு 30 விழுக்காடு வருமான வரி. இவ்வளவும் போக எஞ்சுவது எவ்வளவு என்பதைப் பள்ளி மாணவனும் கணக்கிடலாம்.

வாணிகத்திற்கும் சூதுக்கும் உள்ள வேறுபாடும் இங்கே விளங்கும். உழவன் நெல்லை விற்றால் வாங்குவோன் உணவு பெறுகின்றான். உழவன் பொருள் பெறுகின்றான். இருவருக்கும் பயன் உண்டு. சூதில் ஒருவன் பெற்றது அனைத்தும் மற்றொருவன் இழந்தது. உலகில் ஒரு மணி நெல்லும் கூடுவதில்லை. பிறன் இழப்பையே தன் வருவாயாக விரும்பும் மனநிலை, பத்து ரூபாயிலும் அதே மனநிலையே.

நான்கு கஷாயங்களும் ஒரே பலகையில்

பத்தாம் நூற்றாண்டினரான அமிர்தசந்திர சூரி, புருஷார்த்த சித்தியுபாயத்தில் இல்லறத்தான் சூதினைத் தூரத்திலேயே விலக்கவேண்டும் என்கின்றார். தீமைகளுள் முதலாவது, தூய்மையை அழிப்பது, மாயையின் உறைவிடம், களவுக்கும் பொய்க்கும் நிலைக்களம் என அதன் தன்மைகளை அடுக்குகின்றார். இவற்றுள் மாயையின் உறைவிடம் என்பது போக்கருக்கு மிகவும் பொருந்தும். இவ்வாட்டத்தில் புகழ்பெற்ற உத்தி, கையில் நல்ல சீட்டு இல்லாதபோதும் இருப்பதுபோல் காட்டிப் பெரும்பந்தயம் வைத்து மற்றவரை அஞ்சி விலகச் செய்தல். இப்பொய்ப் பந்தயத்தில் தேர்ந்தவனே வல்லவன் எனப் பாராட்டப்படுகின்றான். மாயையானது விலங்குகதிப் பிறவிக்குரிய ஆயுள்வினைக்கு ஊற்று என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுகின்றது. ஒளித்துப் பேசுதலைத் திறமையாகப் பயில்பவன், பலகையில் மட்டும் ஒளித்துவிட்டு வீட்டில் உண்மை பேசுவான் என்று எதிர்பார்க்கலாமா? இழந்த தொகையை அவன் முதலில் மறைப்பது பெற்றோரிடமும் மனைவியிடமுமே.

மற்ற மூன்றும் அவ்வாறே. வென்றபோது செருக்கு, தோற்றபோது வெகுளி, இரண்டிலும் உலோபம். தோற்றவன் சினத்தால் அறிவு மயங்கி, இழந்ததை ஒரே ஆட்டத்தில் மீட்கப் பந்தயத்தை இரட்டிப்பான். பத்து ரூபாய் நூறாவதும் நூறு ஆயிரமாவதும் இவ்விடத்திலேதான். அடி எடுத்து வைத்தபோது தொகை சிறிது. ஆனால் தொகையைச் சிறிதாக வைத்திருக்கும் அறிவை அடித்துச் செல்வதே இவ்வாட்டத்தின் இயல்பு. வெற்றியும் காப்பாகாது. திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய சூது, வென்றாலும் அதனை விரும்பாதே என்றே தொடங்குகின்றது. சிறு வெற்றியைத் தூண்டிலில் வைத்த இரையாகவே காண்கின்றது.

தியான வகையில் நோக்கினும், இழந்ததை எண்ணி வருந்துதல் விரும்பியது பிரிந்ததால் எழும் ஆர்த்த தியானம். பொய்யால் வென்றதில் மகிழ்தல் ரௌத்திர தியானம். விளக்கணைத்துப் படுத்தபின்னும் சீட்டுகள் கண்முன் வருமாயின், ஆட்டம் முடிந்தும் வினைக்கட்டு முடியவில்லை என்று அறிக.

சட்டத்தின் கேள்வியும் அறத்தின் கேள்வியும்

“இது திறமை ஆட்டம் என்று நீதிமன்றமே கூறியுள்ளதே” என்று சிலர் வாதிடுவர். நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் காண்போம். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தடைச்சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் நீக்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை அளித்தது. அதன்பின் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 9-11-2023 அன்று உயர்நீதிமன்றம், சட்டத்தை நிலைநிறுத்தினாலும், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகப் பட்டியலிட்டது செல்லாது என்றது. 2025இல் மாநில ஆணையம், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை காசாட்டம் கூடாது என்பது உள்ளிட்ட விதிகளை வகுத்தது. அவற்றை உயர்நீதிமன்றமும் அவ்வாண்டு ஜூனில் ஏற்றது. பின்னர் நாடாளுமன்றம் இணையவழிக் காசாட்டங்களைத் திறமை, வாய்ப்பு என்னும் வேறுபாடின்றித் தடைசெய்யும் சட்டத்தை இயற்ற, 22-8-2025 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ஆடுவோரைத் தண்டியாது நடத்துவோரையும் விளம்பரம் செய்வோரையும் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கு. அதன்பின் நாட்டின் பெரிய நிறுவனங்கள் பல காசாட்டத்தை நிறுத்தின.

சட்டம் ஆண்டுக்கு ஆண்டு மாறியதை இதனால் அறிகின்றோம். சட்டத்தின் கேள்வி, “இது திறமையா, வாய்ப்பா?” என்பது. அறத்தின் கேள்வியோ, “இதனால் கஷாயம் வளர்கின்றதா, தேய்கின்றதா?” என்பது. திறமை ஆட்டம் என்பதை ஒப்புக்கொண்டாலும், மாயை செய்வதில் திறமை மிகுந்தால் வினைக்கட்டு குறையுமோ? மிகும் என்பதே விடை. மேலும், காசாட்டம் தடைப்பட்டாலும் காசில்லாப் பயிற்சி ஆட்டம் தொடர்கின்றது. வெளிநாட்டுத் தளங்கள் மறைவாக அழைக்கின்றன. எனவே சட்டம் வந்துவிட்டது என்று நாம் கண்ணயர்தல் கூடாது. வாயிற்கதவைச் சட்டம் சாத்தலாம். சமாரம்பம் என்னும் திண்ணையில் அமர்ந்திருப்பவனை எழுப்பி உள்ளே அழைத்துவர வேண்டியவர் நாமே.

வீட்டார் கடமை

மேற்கூறிய 108இல் செய்வித்தலும் உடன்படுதலும் உண்டு என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது. மகன் கேட்டான் என்று தம் வங்கிக் கணக்கைக் கைப்பேசியில் இணைத்துக் கொடுத்தல் செய்வித்தல். அவன் ஐந்நூறு ரூபாய் வென்றேன் என்றதும் முகம் மலர்ந்து கேட்டல் உடன்படுதல். கல்யாண வீட்டில் இரவு முழுதும் காசு வைத்துச் சீட்டாடும் பெரியோரைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பதும், அத்தகைய உடன்பாட்டைக் கற்பதேயாகும். வடநாட்டில் சிலர் தீபாவளி இரவில் வேடிக்கையாகச் சீட்டாடுவதை மரபாகக் கொண்டுள்ளனர். நமக்கோ அது பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். அவ்விரவில் ஏற்றும் விளக்கின் கீழ்ப் பந்தயத்திற்கு இடமில்லை.

தடுப்பதற்குரிய வழி எளிது. பொழுதுபோக்கு வேண்டாம் என்று இளையோரிடம் சொல்லுதல் பயன்தராது. பந்தயத்தை உயிராகக் கொள்ளாத ஆட்டங்களை அவர்களோடு நாமும் ஆடுதல் வேண்டும். முதற்படியாகிய தரிசனப் பிரதிமையிலேயே ஏழு விசனத் துறவு அடங்கும். எட்டு வயது கடந்த பிள்ளைகளுக்கு ஜினாலயத்தில் இத்துறவை ஏற்கச் செய்யும்போது, “சூது” என்னும் சொல்லுக்குக் கவறாட்டம் என்று பழம்பொருள் மட்டும் கூறி நிறுத்தாமல், கைப்பேசிப் பந்தயமும் இதுவே என்று விளங்க உரைத்தல் வேண்டும்.

முன்பே வீழ்ந்தவர் செய்யத்தக்கது

வீழ்ந்தவனைக் குறித்து நாம் என்ன செய்யவேண்டும் என்பதே இப்பாடத்தின் முதன்மையான பகுதி. இவ்வாட்டங்களால் கடன்பட்டு உயிரையே மாய்த்துக்கொண்டோர் செய்தி தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் வந்தது. அவர்களுள் பலரைக் கொன்றது கடனை விட, வீட்டாருக்குத் தெரிந்தால் என்னாகும் என்ற அச்சம் எனக் கருத இடமுண்டு.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம், ஸ்திதிகரணம் என இரண்டு உள்ளன. முன்னது, பிறர் குற்றத்தை ஊரறியத் தூற்றாது மறைத்தல். பின்னது, நெறி தளர்ந்தவனை மீண்டும் நெறியில் நிறுத்துதல். மாறுவேடத்தில் வந்து ஜினாலய மணியைத் திருடியவனையும் ஊரார்முன் இழிவுபடுத்தாது காத்த ஜினேந்திரபக்த செட்டியாரின் கதையை முன்னதற்கும், துறவில் தளர்ந்த தோழனை மீட்ட வாரிஷேணரின் கதையை பின்னதற்கும் நம் நூல்கள் எடுத்துக்காட்டாகத் தருகின்றன. இரண்டும் ஒருங்கே வேண்டும். மறைத்து மட்டும் விட்டால் குற்றம் வளரும். நிறுத்த முயன்று தூற்றினால் மனம் உடையும்.

வீழ்ந்தவனுக்கு மூன்று படிகள் உள. முதலாவது ஆலோசனை, இழந்த தொகை, பட்ட கடன் அனைத்தையும் ஒரு காசும் ஒளிக்காமல் நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் கூறுதல். இரண்டாவது பிரதிக்கிரமணம், சென்ற வழியிலிருந்து திரும்புதல். செயலிகளை நீக்கி, வங்கிக் கணக்கின் பொறுப்பைச் சில மாதங்கள் வீட்டாரிடம் ஒப்படைத்தல் இதன்பாற்படும். மூன்றாவது பிரத்தியாக்கியானம், இனிச் செய்யேன் எனத் துறத்தல். இத்துறவில் பயிற்சி ஆட்டமும் அடங்கவேண்டும். நடுப்படியில் நிற்பவன் மீண்டும் மேற்படிக்குச் செல்வான்.

விட நினைத்தும் விடமுடியாதவன் தீயவன் அல்லன், நோயுற்றவன். உலக நல நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் உள்ள தன் நோய்ப் பட்டியலில் சூதாட்ட நோயைத் தனியே குறித்துள்ளது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதில் வெட்கம் இல்லாததுபோல் இதற்கும் மனநல மருத்துவரை நாடலாம். நடுவண் அரசின் 14416 என்னும் இலவச மனநலத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் கைப்பேசி, இணைய அடிமைத்தனத்திற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு 2014 முதல் உள்ளது.

வசுநந்தி ஆசாரியர் தம் சிராவகாசாரத்தில் சூதால் அழிந்ததற்கு யுதிஷ்டிரரை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றார். நாடிழந்து காடேகியவர் அவர். ஆயினும் நம் புராணங்கள் அவர் கதையை அவ்விடத்தில் முடிக்கவில்லை. பகவான் நேமிநாதரின் காலத்தில் தம்பியரோடு துறவேற்று, சத்துருஞ்சய மலையில் தவத்தில் நின்று, பீமன், அருச்சுனன் ஆகியோருடன் வீடுபேறு எய்தினார் என்றே அவை உரைக்கின்றன. சூதில் நாட்டையே வைத்து இழந்தவருக்கும் மோட்சவழி அடைபடவில்லை. பத்து ரூபாயில் தொடங்கி இடறிய நம் பிள்ளைகளுக்கு அது அடைபடுமோ? அவர்களை நாம் அழைத்துவர வேண்டும். அதனினும் முன்னதாக, இடறும் முன்னரே இப்பாடத்தை அவர்களோடு அமர்ந்து படித்தல் வேண்டும்.

பாடசாலையிலும் வீட்டிலும் சிந்திக்க

1. சமரம்பம், சமாரம்பம், ஆரம்பம் ஆகியவற்றைக் கைப்பேசிச் சீட்டாட்டத்தோடு பொருத்தி விளக்குக.

2. பந்தயத்தை நீக்கினாலும் முழுமையாக நிற்கும் ஆட்டங்கள் எவை? நீக்கினால் நில்லாதவை எவை?

3. பலகையில் 1200 ரூபாய் உள்ளது; நடத்துவோர் பங்கு மணிக்கு 60 ரூபாய் எனின், எத்தனை மணி நேரத்தில் அத்தொகை தீரும்?

4. திறமை மிகுந்தால் சூதின் குற்றம் குறையுமா? கஷாயத்தைக் கொண்டு விடை தருக.

5. உபகூகனமும் ஸ்திதிகரணமும் ஒன்றின்றி மற்றொன்று நில்லாமைக்குக் காரணம் யாது?

ஜினதர்மம் வாழ்க! ஏழு விசனமும் நீங்குக!